குரோட்டன்ஸ் நட்ட கரை

நீங்கள் ஊன்றிய நொச்சிக் கழி துளிர் விட்டதும் யாராவது ஒருவர் போட்டோ எடுக்க வருவார். அவரைக் கரை மேல் ஏற விடாதீர்கள். இதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்தேன். ஏன் என்று கேட்டீர்கள். கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிக்கும்போது, என்ன இந்த அம்மா இவ்வளவு கோபமாக எழுதியிருக்கிறாரே என்று தோன்றினால், சரியாகத்தான் தோன்றுகிறது. எனக்கு ஓய்வு கொடுத்தார்கள், மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். என் கோபத்துக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

உங்களில் சிலர் கடலோரத்தில் தாழை வைக்கப் போகிறீர்கள். சிலர் வெள்ளாற்றங்கரைக்கு, சிலர் வயல் வரப்புகளுக்கு. எங்கே போனாலும் ‘இயற்கை முறை’, ‘சோதனை முயற்சி’ என்று இரண்டு வார்த்தைகள் கூடவே வரும். முதலாவது பரவாயில்லை. இரண்டாவதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சோதனை செய்வது நாம். சோதனைக்கு ஆளாவது கரைக்குக் கீழே நிலம் வைத்திருப்பவர். சோதனை தோற்றால் நமக்கு வேறொரு சோதனையைக் கொடுப்பார்கள். அவருக்கு வேறொரு நிலம் கொடுக்க மாட்டார்கள்.

ஓடை, ஆற்றுக் கரைகளைக் கவனிக்கும் எங்கள் அலுவலகம் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பழைய குவார்ட்டர்ஸில் இருந்தது. சுரங்கத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, இடம் வாடகைக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் நான் அந்த டவுன்ஷிப்பிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா மைன்ஸில் பெர்மனென்ட், ஷிப்ட் வேலை. எந்த பிளாக்கில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரே உயரத்துக்கு வெட்டிய வேலிச்செடி, அடிமரத்தில் சுண்ணாம்பு, சாலையோரக் கல்லில் ஒன்றுவிட்டு ஒன்று வெள்ளை. பெரிய ஆள் யாராவது வருகிறார் என்றால் முதல்நாளே சுண்ணாம்பு வாளி இறங்கிவிடும். அப்படி வளர்ந்த எங்களுக்கு அழகு என்றால் வெட்டி விட்டது, சுத்தம் என்றால் மண் தெரிவது. வீட்டு வாசலுக்கு அது சரி. ஓடைக்கரைக்கு அது கொள்ளிக்கட்டை.

முத்தாண்டிக்குப்பம் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஓடை இருக்கிறது. வருஷத்தில் பெரும்பாலும் வறண்டு கிடக்கும். ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஐப்பசி பிறந்தால் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும் பாருங்கள், அப்போது அது ஓடை இல்லை. ஒவ்வொரு வருஷமும் கரை உடையும். ஒவ்வொரு வருஷமும் மணல் மூட்டை அடுக்குவார்கள். அடுத்த வருஷம் மூட்டையும் சேர்ந்து வயலுக்குள் போகும். அந்தக் கரையில் ஒரு துண்டை எடுத்து, கல்லும் சிமெண்டும் இல்லாமல் செடியையும் வேரையும் வைத்துக் காப்பாற்றிப் பார்ப்பது என்று எங்கள் மேலதிகாரி முடிவு செய்தார்.

அவர் பெயர் வேண்டாம். நான் சார் என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் சார் என்றே இருக்கட்டும். எனக்குத் தெரிந்த வேலை முழுக்க அவர் சொல்லிக்கொடுத்தது. நொச்சிக் கழியை எந்த முனை கீழே இருக்கும்படி ஊன்றுவது என்பதிலிருந்து, தண்ணீரிடம் சண்டைக்குப் போகாமல் அதன் வேகத்தைக் குறைத்து அனுப்புவது வரைக்கும். கரையைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே வாய் பிளக்கும் என்று சொல்லிவிடுவார். அதனால்தான் எனக்கு அவர் மேல் கோபம் கூடுதல். தெரியாதவர் செய்தால் அது தவறு. தெரிந்தவர் செய்தால் அதற்கு வேறு பெயர்.

கரை சுவர் மாதிரி செங்குத்தாக நின்றது. செடி வைக்க வேண்டுமென்றால் அதைச் சரிவாக்க வேண்டும். சரிவாக்கினால் கரைக்குக் கீழே உள்ள வயலில் ஒரு கீற்று போய்விடும். அந்த வயல் தனக்கோடி அக்காவுடையது. அவர் வீட்டுக்காரர் மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. எந்த ஷிப்டுக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. அதனால் வயல், ஆடு, வழக்கு வாய்தா எல்லாம் அக்காதான். நான் வயலுக்குள் இறங்கி, எதுவரைக்கும் எடுக்க வேண்டியிருக்கும் என்று குச்சி ஊன்றிக் காட்டினேன்.

“இத்தினி எடமா?” என்றார். “இது எங்க வூட்டுக்குத் தை மாசத்து அரிசி மேடம்.”

“ஆமாக்கா. குறைச்சுச் சொல்லி ஏமாத்த மாட்டேன்.”

கரையைத் திரும்பிப் பார்த்தார். “வருசா வருசம் ஒடைச்சிகினு வருது. எப்பிடியும் போவப் போற மண்ணுதான். உங்ககிட்ட குடுத்தா கரை நிக்குமா?”

“வேர் பிடிச்சிட்டா நிக்கும். ஆனா யாரும் தொடக் கூடாது. ஆடு, மாடு, அரிவாள் எதுவும் படக் கூடாது.”

“எங்க ஆட்ட நான் கட்டிப் போட்டுக்குறேன். உங்க ஆளுங்கள நீங்க கட்டிப் போடுங்க” என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சவுக்குக் கழி அடித்து, மிலாறு என்கிற மெல்லிய சவுக்குக் கிளைகளைப் பின்னி, நடுவில் நொச்சி, சரிவில் வெட்டிவேர், தண்ணீர் ஓரத்தில் நாணல் வைத்தோம். அதன் விவரமெல்லாம் உங்கள் பாடத்தில் இருக்கிறது, நான் எழுதவில்லை. முதல் வருஷ மழையில் கரை நின்றது. அங்கங்கே கொஞ்சம் சரிந்தது, நாங்களே ஒட்டுப் போட்டோம். தனக்கோடி அக்கா தன் ஆட்டைக் கட்டியதோடு நிற்காமல் ஊர் ஆட்டையெல்லாம் விரட்டி, அதனால் சொந்தக் கொழுந்தனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போனார். இரண்டாவது வருஷம் ஆவணியில் போய்ப் பார்த்தால் உள்ளே கை நுழையவில்லை. நொச்சி ஆள் உயரத்துக்கு மேலே. வெட்டிவேர் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கிடந்தது. கீரி ஓடியது. பார்க்க லட்சணமாக இல்லைதான். ஆனால் கால் வைத்தால் மண் நகரவில்லை. அந்த வருஷம் அக்கா கரை ஓரம் வரைக்கும் சம்பா நட்டார். அதற்கு முன் அந்த ஓரத்தை அவர் நம்பி நட்டதே கிடையாது.

ஆயுத பூஜை முடிந்த வாரம் தகவல் வந்தது. மேலிடத்திலிருந்து ஒரு குழு வருகிறது. கரையைப் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் இந்த முறையை மற்ற ஓடைகளுக்கும் கொண்டுபோவார்கள். அன்றிலிருந்து சார் சாராக இல்லை.

“காடு மாதிரி கெடக்கேம்மா” என்றார்.

“காடு மாதிரி வரணும்னுதானே சார் நட்டோம்?”

“அது உனக்கும் எனக்கும் தெரியும். வர்றவங்களுக்குத் தெரியுமா? பராமரிக்கலன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. பாம்பு கீம்பு வந்தா அவ்வளவுதான்.”

மழை தலைக்கு மேல் இருக்கும்போது கரையைத் தொடக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரிடம் நான் அதையே திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில், கரை உச்சியில் மட்டும் நடக்க ஒரு பாதை, அதுவும் அரிவாளால், வேறு எதுவும் இல்லை என்று பேசி முடித்தோம். அடுத்த நாள் என்னைச் சேத்தியாத்தோப்புக்கு அனுப்பினார். வெள்ளாற்றில் அடுத்த சோதனைக்கு இடம் பார்க்க. போனேன். இரண்டு நாள் அங்கேயே சுற்றினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஓடை இருக்கும் ஊரின் நிறுத்தத்தில் இறங்கி, கரையை ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போவோம் என்று நடந்தேன். பாதி வழியிலேயே தெரிந்தது. செடி தெரிய வேண்டிய இடத்தில் மண் தெரிந்தது.

ஜேசிபியை விட்டு வழித்திருந்தார்கள். மேலிருந்து தண்ணீர் ஓரம் வரைக்கும் ஒரு செடி இல்லை. பக்கெட்டால் தட்டித் தட்டி, சாணி மெழுகிய வாசல் மாதிரி வழுவழுவென்று வைத்திருந்தார்கள். ஓரத்தில் கல் பதித்து ஒன்றுவிட்டு ஒன்று சுண்ணாம்பு. அந்த வெறும் சரிவில் வரிசையாகக் குரோட்டன்ஸ். சிவப்பு, மஞ்சள், புள்ளி போட்டது. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்தது. நர்சரிப் பையைக்கூடக் கழற்றாமல் மண்ணில் புதைத்திருந்தார்கள். வாடகைச் செடி. எங்கள் நொச்சியும் வெட்டிவேரும் வேரோடு பிடுங்கப்பட்டு, யார் கண்ணிலும் படாமல் ஒரு பனை மரத்துக்குப் பின்னால் குவிந்து கிடந்தன.

கரையின் மேல்முனையில் மட்டும் கொஞ்ச தூரம் பழைய காடு அப்படியே இருந்தது. அங்கே ஒரு வேப்பமரத்தடியில் ஏழு கன்னிமார் கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஊர்க்காரர்கள் கும்பிடுவது. ஜேசிபி அதற்கு முன்னால் நின்றிருந்தது. டிரைவர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அங்க மட்டும் ஏன் விட்டீங்க?” என்றேன். கேள்வி எப்படி வந்ததோ தெரியவில்லை.

“சாமி எடம் மேடம். வண்டி ஓட்ற கையி. அங்க பக்கெட்ட வெக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

“மத்த எடம்?”

“சுத்தம் பண்ணச் சொன்னாங்க. பண்ணிகினு வந்தேன்.”

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எல்லோருக்கும் பயப்பட ஒன்று வேண்டியிருக்கிறது. அவருக்குக் கன்னிமார், எங்கள் சாருக்கு மேலிடம். கன்னிமாருக்குப் பயந்தவரால் கொஞ்சம் கரையாவது மிஞ்சியது.

அங்கேயே நின்று சாருக்குப் போன் செய்தேன். “சார், கரையை வழிச்சி எடுத்துட்டாங்க.”

“தெரியும்மா. நான்தான் சொன்னேன். வேர் உள்ள இருக்கும்ல, தானா வந்துடும்.”

“வேரோட வந்துடுச்சு சார். குவிச்சி வெச்சிருக்காங்க.”

 “நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோம்மா” என்றார்.

குழு வந்தது. கார்கள் ரோட்டோரம் நின்றன. பந்தல், இளநீர், முந்திரிப் பருப்பு, ரோஜா மாலை. அவர்கள் கரை உச்சியில் வரிசையாக நடந்தார்கள். ரொம்ப நீட்டாக மெயின்டெயின் பண்ணுகிறீர்கள் என்றார் ஒருவர். இன்னொருவர் நல்ல மனுஷர்தான் போலிருக்கிறது, குனிந்து பார்த்து, “மண்ணைப் பிடிக்கிற செடி இதுதானா?” என்று குரோட்டன்ஸைக் காட்டிக் கேட்டார். எங்கள் ஆள் ஒருவர் ஆமாம் சார் என்று தலையாட்டிவிட்டார். சார் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன். “அது குரோட்டன்ஸ் சார். சாயந்தரம் நர்சரி வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடும். மண்ணைப் பிடிக்கிற செடி பனைமரத்துக்குப் பின்னாடி குவிஞ்சி கிடக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் நல்லா ஜோக் அடிக்கிறாங்க என்றார் ரோஜா மாலையோடு நின்றவர். நான் ஜோக் இல்லை என்று சொல்வதற்குள் இளநீர்த் தட்டு நடுவில் வந்துவிட்டது. உங்களுக்கும் இது நடக்கும். பொய்யாக ஒரு கரையைக் கட்டி வைத்திருக்கும் இடத்தில் உண்மையைச் சொன்னால் அது வேடிக்கையாகத்தான் கேட்கும். அதற்காகச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். ஆனால் சொன்னதோடு வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். கரை அப்படியேதான் கிடக்கிறது.

சாயந்தரம் நர்சரி வண்டி வந்தது. குரோட்டன்ஸ் போன இடமெல்லாம் குழி.

மறுநாளே செய்தி, வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு. கடலூர்ப் பக்கம் கனமழை. போனில் எல்லோருக்கும் வந்தது. சாரிடம் ஓடினேன். மணல் மூட்டை வேண்டும் என்றேன். இப்போதுதான் பார்வையிட்டு நன்றாக இருக்கிறது என்று போயிருக்கிறார்கள், அதே இடத்துக்கு மூட்டை கேட்டால் என்ன நினைப்பார்கள் என்றார். நான் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. நின்றிருந்தால் ஏதாவது தூக்கி எறிந்திருப்பேன். நேராக ஊருக்குப் போய்த் தனக்கோடி அக்காவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

அவர் கரை வழிக்கப்பட்ட அன்றே பார்த்திருந்தார். ஜேசிபிக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். மேடம் சொல்லித்தான் செய்கிறோம் என்று என் பெயரைச் சொல்லி அவரை நகர்த்தியிருக்கிறார்கள். இதை அவர் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படி அடித்ததில்லை.

“நான் சொல்லலக்கா.”

“சரி. இப்ப இன்னா பண்ணலாம், அத்தச் சொல்லுங்க.”

பனைமரத்துக்குப் பின்னால் குவிந்து கிடந்ததுதான் கையில் இருந்தது. வாடியிருந்தாலும் கிளையும் வேரும் முழுசாக இருந்தன. அதைச் சரிவில் பாய் மாதிரி பரப்பி, சவுக்குக் கழியால் அழுத்தி அடித்தால் ஒரு மழைக்காவது மண்ணை மூடி வைக்கும். ஆனால் குவியலைச் சுற்றி வந்து பார்த்தபோது புரிந்தது, வழித்த கரை முழுக்கப் போட அது காணாது. வழித்த கரையில் தண்ணீர் மோதும் இடம் இரண்டு. ஒன்று அக்காவின் வயலுக்கு மேலே. இன்னொன்று கீழ்முனை வளைவில், ஊருக்கு வெளியே இருக்கும் காலனி வீடுகளுக்குப் பின்னால். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டால் எல்லா இடமும் உடையும். யாருக்கும் மனக்குறை இல்லாமல் எல்லோரையும் மூழ்கடிக்கலாம். நம் வேலையில் நிறைய பேர் செய்வது அதைத்தான்.

வளைவில்தான் போட வேண்டும் என்றேன். அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொல்லியிருந்தால் நானும் சார் மாதிரி ஆகியிருப்பேன்.

பக்கத்து வயல்காரர் ஒருவர் குதித்தார். “அதெப்பிடி? அவுங்க குடுத்த எடத்துல வெளைஞ்ச செடி. காலனி வூடு போனா கவருமெண்டு கட்டிக் குடுக்கும். நெலத்த எவன் குடுப்பான்?”

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். “வூட்டுல புள்ளைங்க படுத்துகினு இருக்கும்யா” என்றார். அவ்வளவுதான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் கட்டைத் தூக்கித் தலையில் வைத்தவர் அவர்தான். வளைவை நோக்கித் தன் வயல் வரப்பு வழியாகவே நடந்தார், நட்டு வேர் பிடித்திருந்த தன் நாற்றைப் பார்த்துக்கொண்டே.

காலனியிலிருந்து ஆண்களும் பெண்களும் வந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் ஷிப்ட் முடித்துத் தலையில் ஹெல்மெட்டோடு நேராக வந்து கழி அடித்தார். தன் நிலத்தைக் காப்பாற்றுகிற வேலை இது இல்லை என்று தெரிந்தும் அடித்தார். மழை பிடிக்கிற வரைக்கும் அடித்தோம்.

மழை வந்தது. வளைவில் பரப்பியதில் பாதி போயிற்று, மீதி நின்றது. காலனி வீடுகளில் வாசற்படி வரைக்கும் தண்ணீர் வந்து திரும்பியது. சுவர் விழவில்லை. அக்காவின் வயலுக்கு மேலே கரை, வழுவழுப்பாக மெழுகி வைத்திருந்தார்களே அந்தக் கரை, குரோட்டன்ஸ் குழி இருந்த இடத்திலிருந்தே பிளந்தது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தபோது வயலில் பாதி செம்மணல். முழங்கால் அளவுக்கு. நாற்றின் நுனிகூட வெளியே தெரியவில்லை.

கன்னிமார் மரத்தடியில் கரை ஒரு பிடி மண் நகராமல் நின்றது. நொச்சி சாய்ந்து, வெட்டிவேர் சரிவின் மேல் படிந்து மூடிக்கொண்டு, அடியில் மண் கொஞ்சம்கூடக் கலையாமல். அதே ஓடை, அதே மழை, அதே செடி.

இதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையில் பைத்தியம் பிடித்தது. ஊரில் எல்லோரும், கன்னிமார் தங்கள் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்றார்கள். சரி, அவர்கள் சொல்லட்டும். எங்கள் அலுவலகம் என்ன எழுதியது தெரியுமா? இயற்கை முறை கனமழையில் தோல்வியடைந்தது, இந்தக் கரைக்குக் கற்சுவர்தான் பொருத்தம் என்று. சார் கையெழுத்துப் போட்டார்.

“கன்னிமார் பக்கத்துக் கரையையும் எழுதுங்க சார்” என்றேன்.

“அது அவங்களுக்குக் காட்டுன எடம் இல்லம்மா.”

“அதனாலதானே சார் நிக்குது?”

அவர் மேஜையில் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். “எனக்குச் சர்வீஸ் முடியப் போகுது. இப்பப் போய் நானே செடியப் புடுங்கச் சொன்னேன்னு எழுதச் சொல்றியா?”

ஆமாம் சார் என்றேன். அதற்குப் பிறகு அவர் இருந்த காலம் முழுக்க எங்களுக்குள் வேலைப் பேச்சு மட்டும்தான். இன்றைக்கும் டவுன்ஷிப் மார்க்கெட்டில் பார்த்தால் வணக்கம் சொல்வேன், தொழில் கற்றுக்கொடுத்தவர். ஆனால் ஒரு டீ குடிக்கலாம் வாம்மா என்றால் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இதை நீங்கள் கல்நெஞ்சம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். தோற்றது செடி என்று எழுதியதால் எத்தனை ஓடைக்கரைகளில் அந்தச் செடி நடப்படாமல் போனது, அந்தக் கரைகளுக்குக் கீழே எத்தனை தனக்கோடிகள் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததுதான் ஆறவில்லை.

கற்சுவரும் வரவில்லை. அதற்கு ஒதுக்கீடு இல்லையாம்.

ஒரு போகம் முழுக்கத் தனக்கோடி அக்கா என்னோடு பேசவில்லை. மணலை அள்ள முடிந்த வரைக்கும் அள்ளினார்கள். மீதி இடத்தில் நெல் பிடிக்காது என்று மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டார்கள். நான் அந்தப் பக்கம் போவேன், அவர் நிமிர்ந்து பார்ப்பார், மறுபடி குனிந்துகொள்வார். அடுத்த ஆடியில் போனபோது கரையில் ஒரு மாற்றம் தெரிந்தது. கன்னிமார் பக்கத்திலிருந்து நொச்சிக் கிளையை வெட்டி வந்து, உடைந்த இடத்திலிருந்து வளைவு வரைக்கும் அவரே ஊன்றியிருந்தார். வெட்டிவேரைப் பிரித்து நட்டிருந்தார். அதோடு, கரை நெடுக, நாலு எட்டுக்கு ஒன்றாகச் செங்கல். ஒவ்வொன்றிலும் மஞ்சள், குங்குமம், ஒரு துண்டுச் சிவப்புத் துணி.

“என்னக்கா இது, இத்தனை சாமி?” என்றேன். பேச்சு அறுந்திருந்ததை மறந்து கேட்டுவிட்டேன்.

“ஏழு பேரு எத்தினி தூரத்தப் பாத்துகினு இருப்பாங்க? அதான் இன்னும் கொஞ்சம் பேர வெச்சேன்.”

“நீங்க நம்புறீங்களாக்கா?”

“நான் நம்புறது இருக்கட்டும் மேடம். ஜேசிபி ஓட்றவன் நம்புறான்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார், எத்தனையோ மாசத்துக்குப் பிறகு. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தச் சிரிப்பு போய்விட்டது. வெள்ளத்திலிருந்து கரையைக் காப்பாற்றச் செடி போதும். நம்மிடமிருந்து செடியைக் காப்பாற்ற ஒரு பெண், கடவுளைக் காவலுக்கு நிறுத்த வேண்டியிருக்கிறது. படித்து, சம்பளம் வாங்கி, ‘இயற்கைக்கு உகந்த’ என்று பலகை எழுதி வைத்த நம்மிடமிருந்து. இதில் வெட்கப்படுவதற்கு நமக்கு என்ன குறைச்சல்?

கரை நின்றது. மழை வந்து மழை போய், நின்றது. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், புதிதாக வந்த அதிகாரி ஒருவர் அந்தப் பக்கம் போனவர் அசந்துபோய்த் திரும்பினார். நல்லவர், சுறுசுறுப்பானவர். நம் அலுவலகத்தின் வெற்றி என்று மேலே எழுதியும்விட்டார். உடனே ஒரு குழு கிளம்பிவிட்டது.

“மேடம், சைடுல மட்டும் லேசா ட்ரிம் பண்ணிக்கலாமா? நடக்க வழி வேணும்ல?” என்றார் என்னிடம்.

“என்னைக் கேக்காதீங்க சார்” என்றேன்.

குழு வந்த அன்று காலையில்தான் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. கார்கள் மதகு ஓரம் நின்றன. பளபளவென்று ஷூ போட்ட ஐந்தாறு பேர் இறங்கினார்கள். தனக்கோடி அக்கா மல்லாட்டைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். அதிகாரி வரப்பில் தட்டுத்தடுமாறிப் போய், ஐயாமார்களெல்லாம் தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள், கரையில் ஏறிப் பார்க்க வேண்டுமாம் என்று சொன்னார்.

அக்கா கையிலிருந்த களைக்கொட்டை வரப்பில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். கார்களைப் பார்த்தார், ஷூக்களைப் பார்த்தார்.

“வரட்டுங்க. சாமி எடம். செருப்பக் கழட்டிட்டு வரச் சொல்லுங்க.”

மதகிலிருந்து கரைக்குப் போகும் வழியெல்லாம் முழங்கால் சேறு. சேறு முடிகிற இடத்தில் நெருஞ்சி. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி வேர்த்து விறுவிறுத்து என்னிடம் வந்தார். “மேடம், நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க. அவங்களுக்கு உங்களை நல்லாத் தெரியுமே.”

நான் மதகுக் கட்டையில் உட்கார்ந்தேன்.

“கரை அவங்களுது சார்” என்றேன்.